பேத்திக்குப் பேர் வைக்கும் முன்

பொள்ளாச்சி

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாயும் பிள்ளையும் நலம் என்ற வரியை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் மேலே போனேன். பேர் விஷயத்தில் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் மாமியார் பேரான ராமாத்தாளைத்தான் வைக்கோணும் என்று உன் வீட்டுக்காரர் நிற்கிறார். பெங்களூர் ஆபீஸில் யாரும் தடுமாறாமல் சொல்கிற மாதிரி சின்னதாக ஒன்று வேண்டும் என்று மகனும் மருமகளும் நிற்கிறார்கள். ஜோசியரோ ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். மனசில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆயில்யப் பேச்சு. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊரில் யாரோ சொன்னதற்கு நீ கலங்கியிருக்கிறாய். பிறந்து பத்து நாள் ஆகாத பிள்ளையின் தலையில் இத்தனை பெரிய பழியைச் சுமத்துகிறவர்களோடு நீ பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம். மருமகள் காதுக்கு அது போகாமல் பார்த்துக்கொள். எழுத்து விஷயமும் அப்படித்தான். தமிழ்ச் சொல் ‘ட’வில் தொடங்காது என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, நீயும் நானும் வகுப்பில் மொழிமுதல் எழுத்து நடத்தியவர்கள். அதே பட்டியலில் அஸ்தத்துக்கு ‘ண’ என்றும் போட்டிருக்கும். ‘ண’வில் தொடங்கும் பேருக்கு எங்கே போவது? வடமொழி எழுத்து வரிசையை வைத்துப் போட்ட கணக்கு அது. ஜாதகத்துக்கென்று ஒரு பேர் இருந்தே ஆகோணும் என்றால், பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்லி அதோடு விட்டுவிடுங்கள். கூப்பிடுவதற்கு நல்ல பேராகத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் நம் பழைய வருகைப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. ஒரே வகுப்பில் நாலு பழனிசாமி இருப்பான். மேட்டுக்காட்டுப் பழனிசாமி, கொளத்தோரத்துப் பழனிசாமி என்று தோட்டத்தை வைத்துத்தான் பிரித்துக் கூப்பிடுவோம். அப்போது அது அலுப்பாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்தப் பதிவேட்டில் கொங்கு நாடு முழுக்க எழுதியிருந்த மாதிரி இருக்கிறது. மருதாசலம் என்றால் மருதமலையைக் கும்பிடுகிற வீடு. சென்னியப்பன் என்றால் சென்னிமலை. மகுடேஸ்வரன் கொடுமுடி, அர்த்தநாரி திருச்செங்கோடு, அவிநாசியப்பனுக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் பக்கம் ஆனைமலை ஆத்தாள் பேரில் மாசாணி என்று வீட்டுக்கு ஒருத்தர் இருப்பார்கள். உங்கள் பக்கம் பண்ணாரி என்று ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். பெண் பிள்ளைகள் பேரிலும் இந்த அடையாளம் உண்டு. நம் பக்கம் ராமாத்தாள், பழனாத்தாள், காளியாத்தாள். நாமக்கல் பக்கம் போனால் பாவாயி, செல்லாயி, ராமாயி. எங்கள் சின்ன அப்பத்தா பேர் குப்பாத்தாள். அவருக்கு முன்னால் பிறந்தது ஒன்றும் தங்கவில்லை என்று இவரைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து அந்தப் பேரை வைத்தார்களாம். கேட்கிறவர்களுக்கு அழகில்லாத பேர்தான். இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று ஒரு தாய் பட்ட பாடு அதில் இருக்கிறது. எனக்கு அந்தப் பேர் மேல் அத்தனை மரியாதை.

ஆனாலும் பெரியவர் பேரை வைத்தே தீரோணும் என்று உன் வீட்டுக்காரர் பிடிப்பதற்கு நான் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். அந்தப் பேரை வைத்துவிட்டு யார் வாய் நிறையக் கூப்பிட்டார்கள்? எங்கள் அப்பாவைப் பெற்ற அப்பாரு பேர் பழனிசாமி, என் அண்ணனுக்கும் அதையே வைத்தார்கள். மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று எங்கள் அம்மா கடைசி வரைக்கும் பெற்ற மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘சாமி’, ‘பெரியவனே’ என்றுதான் கூப்பிடுவார். பழனிக்குப் போவதைக்கூட ‘மலைக்குப் போய்ட்டு வரோம்’ என்பார். பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது என்னைச் சொல்லச் சொல்வார், நான் சொன்னதும் கண்டக்டர் சிரிப்பார், அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பத்து மாதம் சுமந்தவளுக்கே சொல்ல உரிமையில்லாத பேரை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு அப்போதே ஆத்திரமாக இருக்கும். உன் மருமகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, நல்லது. அவள் ஆசைப்பட்டுக் கூப்பிடுகிற பேராக இருக்கோணும் என்பதுதான் எனக்கு முதல் கணக்கு.

இன்னொன்றும் சொல்லோணும். ஊரையும் சாமியையும் காட்டுகிற பேர் நமக்கு இனிப்பாக இருக்கிறது, எல்லாருக்கும் அப்படி இருந்ததில்லை. காலனியிலிருந்து நம்மிடம் படிக்க வந்த பிள்ளைகளின் அப்பாக்களை நினைத்துப் பார். பதிவேட்டில் பழனிசாமி என்று இருக்கும், நிலம் வைத்திருந்த காட்டுக்காரர் வாயில் அது ‘பழனா’வாகத்தான் வரும். தலை நரைத்த மனுசனை, ‘சாமி’யைச் சொல்ல மனசில்லாமல், சின்னப் பையன்கூட அப்படிக் கூப்பிட்டதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்குத் தங்கள் குழந்தைகளுக்கு எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத புதுப்பேராக வைக்கிறார்கள் என்றால், அதை நாகரிக மோகம் என்று ஒதுக்க எனக்கு வாய் வராது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விடச் சொன்னார்கள். அதை முன்னால் நின்று நடத்தியவர் நம் ஈரோட்டுக்காரர். வாலை வெட்டியாகிவிட்டது. கூப்பிடுகிற வாயில் இருந்த சாதி போக இன்னும் எத்தனையோ காலம் ஆயிற்று.

புதுப்பேர்களில் எனக்கு யாழினி, இனியா, நிலா எல்லாம் பிடிக்கும். கிழவி வாய்க்கும் வரும், தமிழ் எழுத்திலும் தப்பில்லாமல் நிற்கும். பிடிக்காதது, எண் கணிதக்காரர் கூட்டுத்தொகைக்காக ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’வும் ஒரு ‘ஹெச்’சும் திணித்துக் கொடுப்பது. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று எழுத்துக்கூட்டிச் சொல்லோணும். ரிஜிஸ்டரில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று வந்து எத்தனை பெற்றோர் நம் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்!

பேர் மேல் இத்தனை பாரத்தை ஏற்றவும் வேண்டாம் அம்மிணி. இன்றைக்கு ஆண் பிள்ளைகளுக்கு ஆசையாகத் தீரன் என்று வைக்கிறார்கள். சின்னமலைக்குப் பெற்றவர்கள் இட்ட பேர் தீர்த்தகிரி. 1932-இல் கொடியை விடாமல் உயிரைக் கொடுத்த திருப்பூர் குமரனும் சென்னிமலையில் குமாரசாமியாகப் பிறந்தவர்தான்.

இனி என் யோசனை. பவானி என்று வையுங்கள். பவானி ஆற்றுக் கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலில் வருகிற தண்ணீரில்தான் உங்கள் வீட்டு நெல் விளைகிறது, உன் மாமியார் நாற்று நட்டதும் அந்தத் தண்ணீரில்தான். அம்மன் பேர் என்பதால் உன் வீட்டுக்காரர் மறுக்க மாட்டார். பெங்களூரிலும் சொல்ல வரும். மூன்றே எழுத்து, ஆங்கிலத்தில் எழுதவும் குழப்பமில்லை. தமிழிலேயே இன்னும் பழசாக வேண்டும் என்று மருமகள் கேட்டால் பொருநை என்று சொல். நம் அமராவதி ஆற்றுக்குச் சங்கப் பாட்டில் ஆன்பொருநை என்று பேர். ராமாத்தாள் எங்கே போனாள் என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். உன் மகன் மகளை ‘ஆத்தா’ என்று கூப்பிடாமல் இருக்கப் போகிறானா என்ன? அந்த இடத்தில் அவர் அம்மா இருப்பார்.

அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும். பேர் இல்லாமலே பதியலாம், ஒரு வருசத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருசம் வரை கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் 2023 அக்டோபர் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் அந்தச் சான்றிதழ்தான். அதனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, மகனும் மருமகளும் சேர்ந்து பார்த்த பிறகு கொடுக்கச் சொல். இனிஷியலில் அம்மா எழுத்தையும் சேர்க்கலாமா என்று மருமகளிடம் ஒரு வார்த்தை கேள். என் மகள் தன் பிள்ளைக்கு இரண்டையும் போட்டாள், எனக்கு அத்தனை சந்தோசம்.

இங்கே தோட்டத்துத் தென்னையை வெள்ளை ஈ விட்டபாடில்லை. மட்டையெல்லாம் கறுத்துப்போய், காய்ப்பு பாதியாகிவிட்டது. அவருக்கு முழங்கால் வலி தேவலை, காலையில் வரப்பு வரைக்கும் நடக்கிறார். உன்னையும் வீட்டுக்காரரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

தொட்டில் போடுகிற தேதி முடிவானதும் போன் பண்ணு. முந்தின நாளே வந்துவிடுகிறேன். மருமகளுக்கு இந்தக் கடிதத்தை நீயே படித்துக் காட்டு, ஆயில்யப் பத்தியை மட்டும் விட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி