கயல், உன் படிப்பிலேயே இரு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். சாஃப்ட்வேர் கம்பெனியில் சேரட்டுமா, எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வு எழுதட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் அவசரமாகச் சொல்ல மனமில்லை, அதனால்தான் கடிதம். நீ படித்த வேளாண்மைப் பொறியியலை விட்டுப் போகாதே. அதுதான் என் எண்ணம்.

இந்தக் குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது. சேற்று வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது என்று செயின் வண்டி பிடித்தோம். வண்டி போன தடத்தில் வைக்கோலை அள்ளி உதறினேன். பதரோடு நல்ல நெல்லும் கொட்டியது. வண்டிக்குள் பதரை ஊதித் தள்ளுகிற காற்றாடி வேகத்தைக் குறைத்து, சல்லடையைக் கொஞ்சம் திறக்கணும் என்று போன லீவில் நீ சொன்னாயே, அதை ஓட்டுநரிடம் சொன்னேன். செய்தார். அடுத்த சுற்றில் தடத்தில் நெல் அவ்வளவாக இல்லை. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

ஆனால் ஈரம்தான் ஆளைக் கொன்றது. ஈரம் பார்க்கிற மீட்டர் 21 சதவீதம் காட்டியது. அரசு கொள்முதலுக்கு 17-க்குள் இருக்கணும். தெருவே ரோட்டில் நெல்லைக் கொட்டி, மேகம் கறுத்தால் தார்ப்பாய் மூடி, வெயில் அடித்தால் பிரித்துக் கிளறிக் கிடந்தோம். அடியில் இருந்தது முளைகட்டிவிட்டது. ஐப்பசியில் அறுக்கிற டெல்டாவுக்கு ஊருக்கு ஒரு உலர்த்தி வேண்டாமா? உன் ப்ராஜெக்டில் உமி போட்டு எரிக்கிற உலர்த்தியை அரைகுறையாக விட்டுவிடாதே. சூடு ஏறினால் அரைக்கும்போது நொய்யாகிவிடும். விதை நெல்லென்றால் 43 டிகிரியைத் தாண்டவே கூடாது. மூட்டைக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடு, எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

வேலை கிடைக்காது என்று உன் சித்தப்பா சொல்வதைக் கேட்டுக் கலங்காதே. வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் வேலை டிஎன்பிஎஸ்சி வழியாக வரும். வருஷா வருஷம் வராது, அதை மட்டும் நம்பி உட்காராதே. டிராக்டர் கம்பெனிகள் இருக்கின்றன, வங்கியில் விவசாய அலுவலர் வேலை இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்திலும் வேலை இருக்கிறது. அதற்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. குழாய் போட்டுவிட்டுப் போக ஆள் உண்டு. உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் வந்து பார்க்க ஆளே இல்லை. படித்த பிள்ளைகள் அதையே தொழிலாக எடுக்கலாம்.

என்னைக் கேட்டால், முதலில் கேட் எழுது. உன் பாடத்துக்கென்றே அதில் தனித் தாள் இருக்கும்போது என்ன பயம்? நல்ல மதிப்பெண் வந்தால் காரக்பூர் ஐஐடியில் எம்.டெக். படிக்கலாம். தூரம் என்று அம்மா அழுவாள், நான் பேசிக்கொள்கிறேன். பணத்தைப் பற்றி யோசிக்காதே, நெல் பணம் வந்துவிட்டது.

மன்னார்குடி பட்டறையில் உலர்த்திக்குத் தகரம், இரும்பு விலை விசாரித்தேன். அளவு போட்ட படம் இல்லாமல் சொல்ல முடியாது என்கிறார்கள். இந்த வாரத்துக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா