பொலோனியா மாலை நடை: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
சுற்றுலா நிறுவனம், சென்னை.

பொருள்: இத்தாலி குழுச் சுற்றுலாவில் பொலோனியா மாலை நடைக்குத் தனியாக வாங்கிய 255 யூரோவைத் திருப்பித் தருவது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த மே மாதம் உங்கள் நிறுவனத்தின் பத்து நாள் இத்தாலி சுற்றுலாவில் நானும் என் அப்பா அம்மாவும் வந்திருந்தோம். அப்பாவுக்கு 71 வயது, பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 66. ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் மூன்றிலும் எங்களுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஓட்டல்கள் சுத்தமாக இருந்தன, பஸ் ஓட்டுநர் பொறுமையான மனிதர். இந்தக் கடிதம் ஒரே ஒரு மாலையைப் பற்றியது.

அந்த மாலைக்கென்று ஆளுக்கு 85 யூரோ தனியாக வாங்கினீர்கள். உங்கள் பயணத் திட்டத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "பொலோனியாவின் பழைய சதுக்கங்கள் வழியாக மூன்று மணி நேர மாலை நடை. உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி. மூன்று பாரம்பரிய ஒயின் பார்களில் பிஞ்ஞோலெத்தோ, லம்ப்ருஸ்கோ, சான்ஜியோவேசே. மது அருந்தாதவர்களுக்கு மாற்றுப் பானம். சைவத் தட்டு உண்டு." இந்தப் பயணத்திலேயே அப்பா அதிகம் எதிர்பார்த்திருந்தது இந்த மாலையைத்தான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நூலகத்துக்குப் போய்ப் படித்து, ஒரு நோட்டில் குறிப்பு எடுத்து வைத்திருந்தார்.

நடந்தது வேறு. ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது. ஏழு பத்துக்குத்தான் பஸ் நிலையத்துக்கு அருகில் எங்களை இறக்கிவிட்டார்கள். பழைய நகருக்குள் பெரிய பஸ் போக முடியாது என்பது எங்களுக்கும் தெரியும், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் இந்திப்பெந்தென்சா தெரு வழியாகச் சதுக்கத்துக்கு நடந்து போகிற வழியில் 34 பேரையும் ஒரு தோல் பொருள் கடைக்குள் அழைத்துப் போய் முப்பத்தைந்து நிமிடம் நிறுத்தினார்கள். திட்டத்தில் எங்கேயும் அந்தக் கடை இல்லை. வெளியே நிற்கிறோம் என்று சொன்னோம், "எல்லாரும் சேர்ந்துதான் போகணும்" என்றார் உங்கள் டூர் மேனேஜர். அம்மா கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

உரிமம் பெற்ற வழிகாட்டி யாரும் வரவில்லை. டூர் மேனேஜரே பேசினார். மஜ்ஜோரே சதுக்கத்தில் பத்து நிமிடம், அதுவும் நெப்டியூன் நீரூற்றுக்கு முன்னால் குழுப் படம் எடுக்க. தூரத்தில் தெரிந்த இரண்டு கோபுரங்களைக் காட்டி "பைசா கோபுரம் மாதிரி இங்கயும் ஒண்ணு" என்றார். தெருவுக்குத் தெரு ஏன் இப்படித் தூண் வைத்த தாழ்வாரம் இருக்கிறது என்று அப்பா கேட்டார். "மழைக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தாழ்வாரங்களை அவர்கள் போர்ட்டிகோ என்கிறார்கள். அந்த ஊரின் அடையாளமே அதுதான். 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்துக்கு வெளியூர்களிலிருந்து மாணவர்கள் வந்து குவிந்தார்கள். பிழைப்புத் தேடியும் ஆட்கள் வந்தார்கள். இருக்க இடம் போதாமல், வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண் கொடுத்தார்கள். தெருவை அடைக்கிறார்கள் என்று நகராட்சி அதை இடித்துத் தள்ளவில்லை. மாறாக 1288-இல், புதிதாகக் கட்டும் வீடுகளுக்கெல்லாம் போர்ட்டிகோ இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. குதிரை மேல் வருகிற ஆள் குனியாமல் போகிற உயரம் வேண்டும் என்பதும் விதி. இன்று நகரம் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். இதைச் சொல்லக்கூடிய ஒருவர் கூட வருவார் என்றுதான் பணம் வாங்கினீர்கள்.

அப்புறம் ஒயின் பார். மூன்று என்றீர்கள், ஒன்றுக்குத்தான் போனோம். ஒரு கீழ்த்தளக் கூடம். உள்ளூர்க்காரர் ஒருவர்கூட அங்கே இல்லை, எங்களைப் போல் இன்னும் இரண்டு சுற்றுலாக் குழுக்கள்தான். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் சிவப்பு ஒயின். என்ன ஒயின் என்று கேட்டதற்குப் பரிமாறியவருக்கே பதில் தெரியவில்லை. ஆலிவ், உருளைக்கிழங்கு வறுவல், கொஞ்சம் பாலாடைக்கட்டி. அம்மாவுக்கு மாற்றுப் பானம் கேட்டேன். குழாய்த் தண்ணீர் வந்தது. எட்டே முக்காலுக்கெல்லாம் பஸ்ஸை நோக்கி விரட்டினார்கள். மே மாதத்தில் அங்கே சூரியன் மறையவே எட்டரை மணி தாண்டுகிறது. சதுக்கங்களில் விளக்குப் போட்டு, ஊர் வெளியே வந்து உட்காரத் தொடங்கிய நேரத்தில் நாங்கள் பஸ்ஸில் இருந்தோம். அப்பா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் பேசவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது சைவத் தட்டு. அதில் இருந்தது பார்மிஜானோ என்ற பாலாடைக்கட்டி. மறுநாள் சந்தைத் தெருவில் ஒரு பாலாடைக்கட்டிக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான், அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துப் பாலைத் திரித்துச் செய்வது என்று தெரிந்தது. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ எல்லாமே அப்படித்தான், வேறு முறையில் செய்தால் அந்தப் பெயர் போடவே விதி அனுமதிக்காது. அம்மா பிறந்ததிலிருந்து சைவம். முன்பதிவுப் படிவத்திலும் அதை எழுதியிருந்தோம். "தெரியாம சாப்பிட்டுட்டேன், விடு" என்று அம்மா சொல்லிவிட்டார். நான் விடுவதாக இல்லை. இத்தாலிக்கு வருடாவருடம் ஆட்களை அழைத்துப் போகிற நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் திட்டத்தை நம்பி இன்னும் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள்?

மறுநாள் மாலை ஓய்வு என்று போட்டிருந்தீர்கள். நாங்கள் மூவரும் நகரப் பேருந்து பிடித்து மறுபடி போனோம். நேரம் போதவில்லை, வயதானவர்கள் இருந்தார்கள் என்றெல்லாம் உங்கள் அலுவலகம் போனில் காரணம் சொன்னதால், அன்று நாங்கள் எங்கே எங்கே போனோம் என்று எழுதுகிறேன்.

ஆறரைக்கு மஜ்ஜோரே சதுக்கம். சான் பெத்ரோனியோ பேராலயம் 1390-இல் தொடங்கிய வேலை. முகப்பில் கீழ்ப்பாதிக்குப் பளிங்கு, மேலே இன்றும் வெறும் செங்கல். அதை எதிரே உட்கார்ந்து பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தில் பொதெஸ்தா மாளிகைக்குக் கீழே வளைவுக் கூரையுடன் ஒரு நாற்சந்தி. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசினால், குறுக்கே எதிர்மூலையில் காதை வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். அப்பா ஒரு மூலைக்கும் அம்மா எதிர்மூலைக்கும் போனார்கள். நடுவில் அத்தனை பேர் நடந்து போகிறார்கள். "கால் வலிக்குதா?" என்று அப்பா சுவரிடம் கேட்டார். "இல்லை" என்று அம்மா அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார். முந்தைய நாள் நீங்கள் எங்களைப் படம் எடுக்க நிறுத்திய இடத்திலிருந்து அது கூப்பிடு தூரம்.

அங்கிருந்து குவாத்ரிலாதெரோ. மீன்காரர், காய்கறிக்காரர், இறைச்சிக் கடைகள் நெருக்கியடிக்கிற பழைய சந்தைத் தெருக்கள். ரொட்டியும் செர்ரிப் பழமும், அப்பாவுக்கு மட்டும் நூறு கிராம் மோர்தடெல்லா என்ற பன்றி இறைச்சியும் வாங்கினோம். ரனோக்கி சந்தில் ஓஸ்தெரியா தெல் சோலே இருக்கிறது. 1465-லிருந்து நடக்கிற ஒயின் கடை. அங்கே சாப்பாடு விற்பதில்லை, ஒயின்தான். சாப்பாட்டை நாமே வாங்கிக்கொண்டு போய் நீள மேசையில் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். சைவமா அசைவமா என்ற கவலையே இல்லை பாருங்கள். அப்பா ஒரு கோப்பை பிஞ்ஞோலெத்தோ எடுத்துக்கொண்டார். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைகிற, லேசாக நுரைக்கும் வெள்ளை ஒயின். நான் லம்ப்ருஸ்கோ, அம்மா பழச்சாறு. அதே மேசையில் இருந்த இரண்டு கல்லூரி மாணவிகள் அம்மாவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். பானங்களுக்கு மூவருக்கும் சேர்த்து 14 யூரோ ஆயிற்று.

பிறகு இரட்டைக் கோபுரங்கள். அசினெல்லி 97 மீட்டர். பக்கத்தில் கரிசெந்தா 48 மீட்டர். அடித்தரை இறங்கியதால் 14-ஆம் நூற்றாண்டிலேயே அதன் மேல்பகுதியைக் குறைத்துவிட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து சுற்றிலும் வேலி போட்டுச் சரிசெய்யும் வேலை நடக்கிறது. அங்கிருந்து மஜ்ஜோரே வீதியில் கொஞ்ச தூரம் நடந்தால் இசொலானி வீடு. அதன் போர்ட்டிகோ இன்னும் மரத்தூண்களில் நிற்கிறது, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்பா அந்தக் கருவாலி மரத்தைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அந்த வீட்டுக்குள் புகுந்து போகிற முற்றத்து வழியில் போனால், மறுபக்கம் சாந்தோ ஸ்தேஃபனோ சதுக்கம். கூழாங்கல் தரை, முக்கோண வடிவம், முடிவில் ஏழு தேவாலயங்கள் என்று பெயர் பெற்ற ஆலயத் தொகுதி. ஒன்பது மணி ஆகியிருந்தது, விளக்குகள் எரிந்தன, எல்லா வயதுக்காரர்களும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். அப்பா நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக டிக் போட்டார்.

மொத்தம் நடந்தது ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். பாதிக்கு மேல் போர்ட்டிகோவுக்குக் கீழே, சமதரை. அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். எழுபது வயதுக்காரர்களின் வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் தாராளமாக முடிகிற நடை இது. ஆகவே நேரம், வயது என்று சொன்ன காரணங்களை நான் ஏற்கவில்லை. அந்தத் தோல் பொருள் கடைக்கு ஒதுக்கிய முப்பத்தைந்து நிமிடம் இருந்திருந்தால், தாமதமாக வந்த பிறகும் கோபுரங்களையும் சாந்தோ ஸ்தேஃபனோவையும் காட்டியிருக்கலாம்.

"திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது" என்ற வரியையும் உங்கள் ஊழியர் நினைவூட்டினார். போக்குவரத்தோ வானிலையோ காரணமானால் சரி, ஒப்புக்கொள்வோம். வழிகாட்டியே வராததும், மூன்று பார் ஒன்றானதும், திட்டத்தில் இல்லாத கடைக்குக் கூட்டிப் போனதும் அந்த வரிக்குள் அடங்காது. அடுத்த பயணத்தில் ஐந்து சதவீதத் தள்ளுபடி தருகிறேன் என்றீர்கள். வேண்டாம். அப்பா இன்னொரு முறை அவ்வளவு தூரம் பயணம் செய்வாரா என்று எனக்குத் தெரியாது.

மூவருக்கும் வாங்கிய 255 யூரோவை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். பயணத் திட்டத்திலிருந்து "சைவத் தட்டு" என்ற சொல்லை உடனே எடுங்கள், அல்லது உண்மையாகவே சைவமான தட்டைக் கொடுங்கள். அம்மாவிடம் எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். இனி இந்த நடையை விற்பதானால் உள்ளூர் வழிகாட்டியோடு, பதினைந்து பேருக்கு மிகாமல், கடை நிறுத்தம் இல்லாமல் நடத்துங்கள். ஓஸ்தெரியாவின் நீள மேசையில் 34 பேர் ஒன்றாக உட்கார முடியாது.

கட்டண ரசீது, முன்பதிவுப் படிவம், பயணத் திட்டம், நேரம் பதிவான படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வரவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
மே மாத இத்தாலி குழுவில் வந்த உங்கள் வாடிக்கையாளர்