விதை கேட்ட அப்பாவுக்கு

ஸ்டுட்கார்ட்
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலத்தையும், அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, படத்தில் பார்த்த ஊதா முட்டைக்கோசின் விதை நான்கைந்தை உறையில் போட்டு அனுப்பச் சொன்னீர்கள். நானும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அனுப்ப முடியாது என்பதைப் பேச்சில் விளக்கத் தொடங்கினால் பாதியிலேயே அம்மா தொலைபேசியை வாங்கிக்கொள்வார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் தோட்டம் வீட்டுக் கொல்லையில் இல்லை. பத்து நிமிட நடையில் இருக்கிறது. அடுக்குமாடிகளில் வாழ்பவர்களுக்காக இந்த ஜெர்மனியில் சங்கங்கள் நிலத்தைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விடுகின்றன. ஒரு துண்டு 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். நம் கணக்கில் ஏறத்தாழ பத்து சென்ட். எனக்கு வாய்த்தது அதில் பாதி. மூன்றில் ஒரு பங்கிலாவது காய், கனி விளைவிக்க வேண்டும் என்பதால், புல்லை வளர்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட முடியாது. இந்த விதியைத் தாங்கள் நிச்சயம் மெச்சுவீர்கள்.

நான் வைத்திருப்பது காலிபோஸ் என்னும் பழைய ரகம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. கடைக் கோஸைப்போல் உருண்டையாக இல்லாமல், வாழைப்பூவை நிமிர்த்தி வைத்தாற்போல் நுனி கூம்பி நிற்கும். நிறமும் ஏறக்குறைய வாழைப்பூ மடலின் நிறந்தான். இந்நகருக்குத் தெற்கே ஃபில்டர் என்னும் மேட்டுச் சமவெளியில் வெள்ளைக் கோஸையே கூம்பு வடிவில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடுகிறார்கள். ஆகையால் அந்த வடிவம் இங்கு யாருக்கும் புதிதன்று. வெளி இலையில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது; விரலால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் கறுத்த ஊதாவாகப் பளபளக்கும், தண்ணீர் விட்டால் தாமரை இலையில்போல உருண்டோடும்.

மார்ச் மாதம் ஜன்னலோரத்தில் நாற்று விட்டு, மே மாதம் இரண்டடி இடைவெளியில் நட்டேன். மண்ணில் அமிலத்தன்மை கூடியிருந்தால் வேர் முண்டு முண்டாக வீங்கிச் செடி வாடிவிடும் என்பதால் முன்கூட்டியே சுண்ணாம்பு இட்டேன். ஒருமுறை கோஸ் நின்ற பாத்தியில் நான்கு ஆண்டுகளுக்கு மறுபடி கோஸ் வைப்பதில்லை. வெள்ளைப் பட்டாம்பூச்சி இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இட்டுவிடும். அதற்கு வலை கட்டினேன். நத்தைக்கு வலை உதவாது. இரவில் டார்ச்சுடன் போய்ப் பொறுக்குவதுதான் வழி. ஆகஸ்டில் மூன்று வாரம் காய்ந்து பிறகு ஒரே நாளில் பெருமழை கொட்டியபோது இரண்டு தலைகள் வெடித்துவிட்டன. பக்கத்துத் துண்டில் இருக்கும் பாட்டியம்மா வந்து, மீதித் தலைகளை இரு கையாலும் பிடித்துக் கால் சுற்று திருகினார்; சில வேர்கள் அறுந்து நீர் ஏறுவது குறைந்தால் வெடிக்காதாம். என் காதில் விழுந்த அந்த முறிவுச் சத்தத்துக்கு எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

வடக்கே இதைச் சிவப்புக் கோஸ் என்கிறார்கள், இங்கே நீலக் கோஸ் என்கிறார்கள். புளிப்பு சேர்ந்தால் சிவக்கும், சோடா உப்பு பட்டால் நீலமாகும். நான் முதன்முறை பொரியல் செய்தபோது தேங்காய்ப்பூ முழுவதும் நீலம் பாரித்து, தங்கள் பேரன் தட்டைத் தள்ளிவிட்டான். எலுமிச்சம்பழம் பிழிந்ததும் ரோஜா நிறமாயிற்று, உடனே அள்ளி அள்ளிச் சாப்பிட்டான்.

இனி விதைக்கு வருகிறேன். கத்தரியில் நல்ல பழம் ஒன்றைப் பழுக்க விட்டால் தங்களுக்கு அடுத்த ஆண்டு விதை கிடைத்துவிடும். இதுவோ இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். அதுவும் 10 டிகிரிக்குக் கீழான குளிர் பல வாரம் பட்டால்தான். இலையுதிர் காலத்தில் வேரோடு தோண்டி நிலவறையில் மணலில் நிறுத்தி, வசந்தத்தில் மறுபடி நட்டு, தண்டு வெளிவரத் தலையைக் கூட்டல் குறிபோலக் கீறிவிட வேண்டும். பூ அசல் கடுகுப் பூ. காயும் கடுகுக் காய்போலவே. ஒரே செடி தனக்குத்தானே காய்க்காது, பல செடிகள் வேண்டும். நூல்கோல், காலிஃபிளவர், சுருட்டை இலைக் கோஸ் எல்லாம் இதற்குப் பங்காளிகள் என்பதால், தேனீ எங்கிருந்தாவது மகரந்தம் கொண்டுவந்து கலந்துவிடும். நான் முதலில் எடுத்த விதை அப்படித்தான் கெட்டது. இரண்டு துண்டு தள்ளிச் சுருட்டை இலைக் கோஸ் பூத்திருந்ததைக் கவனிக்கவில்லை. மறு ஆண்டு முளைத்தவற்றில் பாதி, தலை கட்டாமல் ஊதா இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. மூன்றாண்டு உழைப்பு, அப்பா.

தற்போது என்னிடம் இருப்பது பாட்டியம்மா கொடுத்த தூய விதை. ஆனால் வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். உறையில் ஒளித்து அனுப்ப மனம் வரவில்லை. அப்படியே வந்தாலும், நம் வயலில் மார்கழிப் பனிக்கு இலை விட்டு, பங்குனி வெயிலில் தலை கட்டாமலே நின்றுவிடும். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மேல்மலையிலிருந்து கோஸ் கொண்டுவருபவர்களிடம் ஊதா ரகம் யாராவது போடுகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். வாங்கிச் சமைக்கலாம், எலுமிச்சம்பழத்தை மறக்க வேண்டாம்.

இவ்வாண்டு விதைக்கென ஆறு தலைகளைத் தேர்ந்து நிலவறையில் வைத்திருக்கிறேன். சென்றமுறை விதை டப்பாவில் பூஞ்சை பிடித்துவிட்டது. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பீர்களே, அது விறகுச் சாம்பலா, வறட்டிச் சாம்பலா? எத்தனை நாள் உலர்த்துவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்,
செல்வி