பச்சையை நம்பி போர்வெல் போடாதே

தர்மபுரி
மார்ச் 9

அன்புள்ள மாப்ளே,

தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம்தானே? இரண்டு மாசமாகப் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து தெருவையே அதட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் ஊர்க் கிணறு, போர்களின் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று காட்டி நீ அனுப்பிய வரைபடத்தைத்தான் இரண்டு நாளாகத் திறந்து வைத்திருக்கிறேன். வெயிலில் அலைந்து 24 இடத்தில் தண்ணீர் பிடித்திருக்கிறாய். உன் ஊரில் வேறு யார் செய்வார்கள்? அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்றுதான் சொல்கிறேன்: பச்சை, மஞ்சள், சிவப்புப் பூச்சை எடுத்துவிடு. 22-ஆம் தேதி கிராம சபையில் அதை மாட்டினால், "பச்சையா இருக்கிற இடத்துல போர் போடுங்க" என்று ஒருவர் எழுந்து சொன்னால் போதும், தீர்மானமாகிவிடும்.

பள்ளிக்கூடத்துப் போரில் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம், கோயில் போரில் 0.6. இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார். இடையில் அளக்காத இடத்துக்கும் நிறம் பூச நீ ஓட்டிய ஐடிடபிள்யூ கணக்கு, தூரத்தின் வர்க்கம் கூடக் கூட எடையைக் குறைத்துச் சராசரி எடுக்கும். கோயிலிலிருந்து 100 மீட்டர், பள்ளியிலிருந்து 200 மீட்டர் என்றால் எடை 4-க்கு 1. விடை 1.04. நீ 1.5-க்குக் கீழே எல்லாவற்றுக்கும் பச்சை கொடுத்திருக்கிறாய். அந்த இடத்தில் போரே இல்லையேடா! ஒரு சொட்டுத் தண்ணீரை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் பிள்ளைகள் குடிக்கப்போவது அதைத்தான். பல்லில் பழுப்பேறிய பிறகு படத்தைத் திருத்தி என்ன செய்ய?

ஆற்று மணல் பூமி என்றால் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். நம்முடையது பாறை. மேலே கொஞ்சம் மக்கிய பாறை, கீழே கருங்கல், தண்ணீர் வெடிப்பில் மட்டும்தான். 50 அடிக் கிணறும் 900 அடிப் போரும் ஒரே வரப்பில் இருந்தாலும் தண்ணீர் வேறு வேறாக இருக்கலாம். ஆழத்தில் வெகுகாலம் பாறையோடு ஊறியதில் பெரும்பாலும் ஃப்ளோரைடு ஏறியிருக்கும். மழை இறங்கும் கிணற்றில் கலந்து குறையும். நீ இரண்டையும் படத்தில் ஒரே லேயரில் (அடுக்கில்) போட்டிருக்கிறாய். சந்தேகமென்றால் ஒரு போரை நீக்கிவிட்டு அந்தக் கணக்கை மறுபடி ஓட்டு, அந்த இடத்தில் வருகிற எண்ணை உண்மையான எண்ணோடு ஒப்பிடு. 24-க்கும் இப்படிச் செய்தால் உனக்கே தெரிந்துவிடும்.

புள்ளியாகவே போடு. நிறம் ஃப்ளோரைடுக்கு, புள்ளியின் அளவு ஆழத்துக்கு. கிணற்றுக்கு வட்டம், போருக்குச் சதுரம். அட்டவணையில் மொத்த ஆழம், கேசிங் (மேல்பகுதியில் இறக்கிய குழாய்) எத்தனை அடி, எத்தனை அடியில் ஊத்து கிடைத்தது, தண்ணீர் பிடித்த தேதி எல்லாம் வேண்டும். ஐப்பசியில் பிடித்ததையும் சித்திரையில் பிடித்ததையும் சேர்க்காதே. பிளாஸ்டிக் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், கண்ணாடியில் ஃப்ளோரைடு அளவு மாறிவிடும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் நின்ற தண்ணீர் போன பிறகு பிடி.

இன்னொன்று. 78 டிகிரி தீர்க்கரேகை உன் ஊராட்சிக்குள்ளேயே போகிறது. பூமியைப் பட்டைகளாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில், அதற்கு மேற்கே பட்டை 43, கிழக்கே 44. பென்னாகரம் பக்கத்து மூன்று போர் உன் படத்தில் வங்காள விரிகுடாவில் கிடப்பது, 43-இல் இருப்பதை 44 என்று போட்டதால்தான். லேயருக்கு 44 என்று பெயரை மட்டும் மாற்றினால் சரியாகாது. அந்த மூன்றையும் 43 என்று திறந்து, 'ரீப்ரொஜெக்ட் லேயர்' கொடுத்து 32644-க்கு (அதுதான் பட்டை 44-இன் குறியீட்டு எண்) கொண்டு வா.

நீர்மட்டத்தைக் கடல்மட்டக் கணக்குக்கு மாற்ற, சாட்டிலைட் சொல்லும் தரை உயரத்திலிருந்து நீரின் ஆழத்தைக் கழித்திருக்கிறாய், அதையும் விட்டுவிடு. அந்த உயரத்திலேயே பல மீட்டர் பிழை இருக்கும். நீ தேடுகிற வித்தியாசமோ 3 மீட்டர். தரையிலிருந்து எத்தனை அடி என்று மட்டும் எழுது. கேசிங் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயரத்தைக் கழிக்க மறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வருகிறேன். முந்தின ராத்திரியே 24 மோட்டாரையும் நிறுத்தச் சொல்லிவை. 300 அடி டேப் நான் கொண்டு வருகிறேன்.

உன்
மச்சான்