பார்சலில் முருங்கையிலைப் பொடி இருக்கிறது

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

பார்சல் அனுப்பிவிட்டேன். குரக்கன் மா இரண்டு கிலோ, எள்ளுருண்டை, வறுத்த கஜு, முருங்கையிலைப் பொடி. இலையை நிழலில்தான் உலர்த்தினேன். வாடைக்காற்று தொடங்கிவிட்டதால் நான்கு நாள் பிடித்தது. டைக் வீதி வீடுகளின் பின்மதில்வரை அலை அடிக்கிறதாம். அக்காவின் சின்னவனுக்கு மீண்டும் காதில் சீழ்; அதனால் கோணேசர் கோயிலுக்கும் போகவில்லை.

மகனீசியம் கொஞ்சம் குறைவாம் என்று நீ சொல்லி மூன்று வாரமாகிறது. அதன்பிறகு அழைக்கவில்லை. வேலை இருக்கும். பொடியைச் சோற்றில் பிசைந்து சாப்பிடு. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் சொல்கிறேன்: இலைப் பச்சையத்தின் நடுவில் இருப்பதே மகனீசியம்தான். உடம்பில் மொத்தம் 25 கிராம் அளவில் இருக்கும். பாதிக்கு மேல் எலும்பில். குருதியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஓர் அறிக்கையில் ஓர் எண் இறங்கியதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. நீ வருடக்கணக்காக விழுங்கும் ஒமெப்ரசோல், அந்த வயிற்றெரிவு மாத்திரை, அதுவே மகனீசியத்தைக் குறைக்கும். டாக்டரிடம் கேள். அதுவாகத்தான் இருக்கும்.

உன் பரீட்சை முடிவு வந்த அன்று அப்பா சைக்கிளில் அனுராதபுரச் சந்திவரை போய்த் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னார். அந்தப் பிள்ளைக்குத் தாயோடு இரண்டு நிமிடம் பேச நேரமில்லை. பொடியை மறக்காதே. குளிக்கும்போது கழுத்தையும் கக்கத்தையும் தடவிப் பார். சும்மா சொல்கிறேன்.

அண்ணாவின் கழுத்து உனக்கு நினைவிருக்காது. உனக்கு அப்போது நான்கு வயது.

நித்திரை வராமல் வாசித்தேன். 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஒரு நோய், எக்ஸ்மென் என்று பெயர். மாக்ட்1 என்ற பரம்பரையலகில் பழுது. மகனீசியத்தைக் கலத்துக்குள் விடும் வாசல் என்று அதை முதலில் கருதினார்கள். பெரியவர்கள் பத்தில் ஒன்பது பேருக்குள் சத்தமில்லாமல் கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரசை அந்தப் பிள்ளைகளின் வெண்குருதிக் கலங்களால் அடக்கிவைக்க முடியாது. நிணநீர்ப் புற்றுநோய்வரை போகலாம். காது, நெஞ்சுத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. குருதி உறையா நோய் வந்த விக்டோரியா மகாராணியின் வம்சத்தைக் கரும்பலகையில் வரைந்து, தாய் நோயைக் காவுபவள், நோய் மகனுக்கு என்று எத்தனை வகுப்புக்குப் படிப்பித்தேன்! சின்ன மாமா, அண்ணா என்று எங்கள் வீட்டை வரைந்து பார்க்கக் கை வரவில்லை.

அந்த நோயில் குருதி மகனீசியம் பெரும்பாலும் சரியாகவே இருக்குமாம். மகனீசிய மாத்திரை கொடுத்துப் பார்த்தும் பயனில்லையாம். ஆக, உன் அறிக்கை வேறு, இது வேறு. முருங்கையிலை இதற்கு மருந்துமில்லை. இருந்தாலும் சாப்பிடு.

அண்ணாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கேட்டார், உங்கள் பக்கத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று. இல்லை என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அந்த மாதம்தான் சித்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கதை வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். சொல்லியிருந்தாலும் அன்று இந்த நோய்க்குப் பெயரே இல்லை, எவர் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மனம் கேட்கிறதில்லை. சித்தியின் கலியாணப் படம் இன்னும் முன்னறையில்தான் தொங்குகிறது. அண்ணா அதில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான்.

டாக்டர் கேட்டால் மாமாவையும் அண்ணாவையும் சொல். கேட்காவிட்டாலும் சொல். பரம்பரையலகைப் பரிசோதிக்கலாம், முதலில் என்னிடமிருந்து இரத்தம் எடுக்கட்டும். அக்காவிடம் நான் இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சின்னவனுக்கு இந்த வருடம் இது நான்காவது தடவை. அவளிடம் பேச எனக்கு நீ பக்கத்தில் வேண்டும், தொலைபேசியிலாவது.

குரக்கன் மாவில் வண்டு விழும், வந்த உடனே போத்தலில் போட்டு இறுக மூடு. ஞாயிறு இரவு நான் படுக்கமாட்டேன்.

அம்மா