பையனுக்கு டர்பனில் வேலை

டர்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

பையனுக்கு இங்கே கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை வந்திருக்கிறது, அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி போனதும் வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டார்களே, நாடு செழித்திருக்குமே என்றும் எழுதியிருந்தாய். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் இங்கே வந்தது 1995இல். நிறவெறியைக் கண்டித்து இந்தியா 1946இலேயே இந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்திவிட்டது. தூதரக உறவு திரும்பியது 1993 நவம்பரில்தான். அதனால்தான் திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு டர்பன் தையல் ஆலையில் நாற்காலி கிடைத்தது. மண்டேலா பதவியேற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரே திருவிழா முடிந்த மறுநாள் மாதிரி இருந்தது. சுரங்கங்களையும் வங்கிகளையும் அரசுடைமை ஆக்குவோம் என்று 1990இல் சொன்ன மனிதர், 1992இல் தாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு அந்தப் பேச்சை விட்டிருந்தார். 1996 ஜூனில் நிதியமைச்சர் டிரெவர் மானுவல் 'கியர்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். செலவைக் குறை, இறக்குமதி வரியைக் குறை, அந்நியப் பணம் வந்து போகத் தடையை எடு. 2000க்குள் வளர்ச்சி 6 சதவீதம், வருஷத்துக்கு 4 லட்சம் வேலை என்றார்கள். பணம் வந்தது, நிஜம்தான். ஆனால் பெரும்பங்கு பங்குச் சந்தைக்கும் கடன் பத்திரத்துக்கும் வந்தது. ஆலை கட்ட வந்தது கொஞ்சம். சொன்ன வேலைகள் வரவில்லை.

துணிக்கு வருகிறேன். 1994இல் 100 சதவீதத்தை ஒட்டி இருந்த ஆயத்த ஆடை வரியை எட்டே வருஷத்தில் 40க்கு இறக்கினார்கள். உலக வர்த்தக ஒப்பந்தம் 12 வருஷம் அவகாசம் கொடுத்திருந்தது. எதற்கு அந்த அவசரம் என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஒருநாள் முதலாளி, சீனாவிலிருந்து இறங்கிய சட்டை ஒன்றை என் மேஜையில் வைத்து விலை போடச் சொன்னார். கூலியையே சேர்க்காமல் போட்டேன். எங்கள் துணியும் நூலும் பட்டனும் சேர்ந்து அந்தச் சட்டை கடையில் விற்கும் விலையைத் தாண்டியது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

ஆலையை மூடிய அன்று, இருபத்திரண்டு வருஷம் காலர் தைத்த சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர் நூல் வெட்டும் கத்தரியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இது என் காசுல வாங்கினது தம்பி" என்று என்னிடம் விளக்கம் வேறு சொன்னார். சாட்ஸ்வொர்த், இந்தியர்களை நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். வெள்ளையர் ஆட்சியில் வீட்டை இழந்தவர், தன் ஓட்டு கொண்டுவந்த ஆட்சியில் வேலையை இழந்தார். அவரைப் போலப் பல்லாயிரம் பேர், இங்கேயும் கேப் டவுனிலும்.

அதே அரசு கார்த் தொழிலை அப்படி விடவில்லை. அங்கேயும் வரியைக் குறைத்தது. ஆனால் 1995இலேயே ஒரு ஏற்பாடு செய்தது: நீ எவ்வளவு ஏற்றுமதி செய்கிறாயோ அந்த அளவுக்கு உன் இறக்குமதி வரியில் கழிவு. அதனால் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், டொயோட்டா எல்லாம் ஒன்றிரண்டு மாடல்களை இங்கேயே பெருமளவில் செய்து வெளியே அனுப்ப ஆரம்பித்தன. தையல்கார அக்காமார்களுக்கும் அப்படி ஒரு படி போட்டுக் கொடுத்திருக்கலாம் இல்லையா? முதலீட்டை நான் வெறுக்கவில்லை மணி. 2011இல் அமெரிக்க வால்மார்ட் இங்கே மாஸ்மார்ட் என்ற பெரிய கடைக் கம்பெனியை வாங்கியபோது அமைச்சர்களே நீதிமன்றம் போனார்கள். வேலையிழந்த 503 பேரைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வருகிறவனிடம் நிபந்தனை பேச முடியும் என்று அன்றுதான் தெம்பு வந்தது.

சரி, பையன் விஷயம். வரட்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்கச் சொல்: அந்தக் கம்பெனியின் பாகங்கள் எந்தக் காருக்குப் போகின்றன, அந்தக் கார் எந்த நாட்டுக்குப் போகிறது? 2025இல் அமெரிக்கா வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீத வரி போட்டது. இந்த நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரத்து மெர்சிடிஸ் ஆலையை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய இடி. இங்கே பிராஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா ஆலைக்குச் சந்தை வேறு, ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும். அதற்குத்தான் சப்ளை என்றால் எனக்குக் கவலை குறைவு. அந்த வட்டாரம் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கி ஆலை மாதக்கணக்கில் நின்றது என்பதையும் அவனிடம் சொல்லி வை. மேட்டுப் பக்கமாக வீடு பார்க்கிறேன்.

பிராஸ்பெக்டனை ஒட்டித்தான் இசிபிங்கோ. அங்கே மாரியம்மன் கோவில் இருக்கிறது, ஈஸ்டர் விடுமுறையில் கூட்டம் அலைமோதும். அந்த சாட்ஸ்வொர்த் அக்கா இப்போதும் வருவார். பையனை அவரிடம் கூட்டிப்போகிறேன்.

சம்பளக் கடிதத்தின் நகலை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜு