விம் மூலநிரலைத் திருத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

விம் என்ற உரை எடிட்டரின் சி மொழி நிரலில் புது வசதி ஒன்றைச் சேர்க்கிறீர்கள். பஃபரில் (திறந்த கோப்பின் உரை நினைவகத்தில் இருக்கும் இடம்) வரி மாறிவிட்டது; திரையிலோ பழைய வரியே நிற்கிறது. உடனே ‘யுபிடி_கிளியர்’ என்ற வரைவு நிலையை (மதிப்பு 50) போட்டு முழுத்திரையையும் அழித்து வரையச் செய்வது பலரின் வழக்கம். தயவுசெய்து அதை விடுங்கள். கோளாறு கண்ணுக்கு மறையுமே தவிர, நிரலில் அப்படியேதான் இருக்கும்.

கடைசியாக வரைந்ததை விம் ‘ஸ்க்ரீன்லைன்ஸ்’ அணியில் (அர்ரே) எழுத்துக் கட்டம் கட்டமாக வைத்திருக்கிறது. புதிய வரியை அதோடு ஒப்பிட்டு, மாறிய கட்டங்களை மட்டுமே டெர்மினலுக்கு அனுப்பும். 80க்கு 24 திரையில் 1920 கட்டங்கள். ஒவ்வொரு விசைக்கும் அத்தனையையும் அழித்து வரைந்தால், எஸ்எஸ்எச் வழியே தொலைக்கணினியில் வேலை செய்பவருக்குத் திரை மினுங்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் ‘ரீட்ரா’ கட்டளை கொடுத்துப் பாருங்கள். சரியானால், மீண்டும் வரைய வேண்டும் என்று மாற்றம் குறிக்கப்பட்டிருக்கிறது, வரையும் வேளைதான் இன்னும் வரவில்லை. ஆச்சரியக்குறி சேர்த்து, திரையை அழித்து வரைந்தால்தான் சரியாகிறதா? கோளாறை மறுபடி வரவழைத்து, அந்த வரி திரையைவிட்டுப் போகும்வரை ஸ்க்ரோல் செய்து திரும்புங்கள். அதிலேயே சரியானால், மாற்றத்தைக் குறிக்க மறந்திருக்கிறீர்கள். குப்பை எங்காவது ஒட்டிக்கொண்டே இருந்தால், யாரோ ‘பிரிண்ட்எஃப்’ போட்டு அணிக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள். அதை, அணியிலும் பதிந்து எழுதும் ‘ஸ்க்ரீன்_புட்ஸ்’ ஆக மாற்றுங்கள்.

அதிகம் நடப்பது குறிக்க மறப்பதுதான். ‘எம்எல்_ரீப்ளேஸ்’ ஃபங்ஷன் நினைவகத்தில் உள்ள வரியை மட்டுமே மாற்றும். திரைக்கு எதுவும் சொல்லாது. நிரலின் அடுத்த வரியிலேயே, மாற்றத்தைக் குறிக்கும் ‘சேஞ்ச்டு_பைட்ஸ்’ அழையுங்கள். பல வரிகள் என்றால் ‘சேஞ்ச்டு_லைன்ஸ்’. அதன் மூன்றாவது அளவுரு மாறிய கடைசி வரியின் எண் அன்று. அதற்கு அடுத்த வரியின் எண், அதுவும் மாற்றத்துக்கு முந்தைய கணக்கில். ஒன்று குறைத்துக் கொடுத்தால் கடைசி வரி மட்டும் பழையதாகவே நிற்கும். நான்காவது, கூடிய வரிகளின் எண்ணிக்கை, நீக்கினால் எதிர்மம்.

உரை மாறாமல் தோற்றம் மட்டும் மாறினால் ‘ரீட்ரா_லேட்டர்’ ஃபங்ஷனை ‘யுபிடி_நாட்_வேலிட்’ (40) மதிப்போடு அழைத்தால் போதும். அது நடப்புச் சாளரத்தை மட்டுமே குறிக்கும். அதே பஃபர் இரண்டு சாளரங்களில் திறந்திருந்தால் ‘ரீட்ரா_கர்பஃப்_லேட்டர்’ வேண்டும். உங்கள் ஃபங்ஷனுக்குள்ளிருந்து ‘அப்டேட்_ஸ்க்ரீன்’ அழைக்காதீர்கள். குறித்துவிட்டால் விம்மின் முதன்மைச் சுழற்சி வரைந்துகொள்ளும். எது எப்போது வரையப்படுகிறது என்று கண்ணால் பார்க்க ‘ரைட்டிலே’ (writedelay) தெரிவு அருமையான துணை: எழுத்துகளை ஒவ்வொன்றாக, தாமதித்து அனுப்பும்.

தமிழ்க் கோப்புகளில் வரும் சிக்கல் வேறு. புள்ளிக்கும் உயிர்மெய்க் குறிகளுக்கும் எத்தனை கட்டம் என்பதில் விம்மும் டெர்மினலும் முரண்பட்டால் கர்சர் தள்ளி நிற்கும், எழுத்தெச்சம் தங்கும். திருத்தாத விம்மிலும் அப்படியே தெரிந்தால் உங்கள் நிரலைக் குறைசொல்ல வேண்டாம்.

திருத்தத்தை அனுப்பும்போது ‘வெரிஃபைஸ்க்ரீன்டம்ப்’ சோதனை (திரையைச் சேமித்த பதிவான டம்ப்போடு ஒப்பிடுவது) ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். சாளரத்தை இரண்டாகப் பிரித்த நிலையில் எடுத்த டம்ப் ஆக இருக்கட்டும்.